நாலு விரல் இடைவெளி

தினமும் காலை பத்தரை மணிக்கு அந்தக் காரின் கண்ணாடி தானாக நாலு விரல் கீழே இறங்கியது.

மூன்று விரல் இல்லை, ஐந்து விரல் இல்லை. நாலு. அருங்காட்சியகக் காப்பாளர் தன் விரலை வைத்தே அளந்து, தேதி போட்டு, ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பதினாலு மாதமாக ஒரு நாள் தவறவில்லை, திங்கட்கிழமைகளைத் தவிர.

"திங்கக்கிழமை ஏன் இறங்கலை?" என்றாள் திருப்புளி.

"திங்கள் எங்களுக்கு வார விடுமுறைங்க."

"ஆவிக்குமா?" என்றான் விசில்.

காப்பாளர் அவனை முறைத்தார். ஆனால் பலமாக முறைக்கவில்லை. ஆவியாக இருக்குமோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் இருந்தது.

இந்த இருவரையும் முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்புளி இருபது வருடம் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவள். கொண்டையில் கிளிப்புக்குப் பதிலாகத் திருப்புளி, அதாவது ஸ்க்ரூடிரைவர், செருகும் பழக்கம் அப்போது வந்தது. பெயரும் அதோடு வந்தது. இப்போது இருவரும் துப்பறிகிறார்கள்; அதுவும் அவளுக்கு ரிப்பேர் வேலை மாதிரிதான். எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை, அவ்வளவே. விசில் அதே பணிமனையில் கண்டக்டர். ஆறடி இரண்டு அங்குலம். பஸ் கூரைக்குப் பயந்து குனிந்தே வாழ்ந்ததில் கேள்விக்குறி போல ஆகிவிட்டவன். அவளைவிட மூன்று வயது பெரியவன், ஆனாலும் அவளை 'அக்கா' என்பான். கேட்டால், "அறிவுல மூத்தவங்க" என்பான். அப்படிச் சொன்னால்தான் அவள் டீ வாங்கித் தருவாள்.

கார், நாட்டின் முன்னாள் தலைவர் பதினோரு வருடம் பயணம் செய்த அரசாங்கக் கார். கறுப்பு. பின் ஜன்னல்களுக்குத் திரை. இரண்டு பேர் எதிரெதிர் முனையில் நின்று பேசினால் குரலை உயர்த்த வேண்டும், அவ்வளவு நீளம்.

"பேயோ பிசாசோ, இன்னைக்கு நாலு மணிக்குள்ள இது நிக்கணும்" என்றார் காப்பாளர். "மதிப்பீட்டு அதிகாரி வர்றார். வந்து..."  பேசுவதற்குப் பதிலாக ஒரு கடிதத்தை நீட்டினார்.

விஷயம் இதுதான். தலைவருக்குப் பகைவர்கள் இருந்ததால் அவருக்கு ஒரே மாதிரி இரண்டு கார்கள். ஒன்றில் தலைவர், மற்றது டம்மி. ஒரே நிறம், ஒரே நம்பர் பலகை, ஒரே பதிவு. வித்தியாசம் தெரிந்தால் அது டம்மியே இல்லை. தலைவர் மறைந்து முப்பது வருடம் ஆகிறது. ஒரு கார் இங்கே வந்தது, இன்னொன்று ஏலம் போய் வேறு ஊரில் ஓர் ஓட்டல் வாசலில் நிற்கிறது. இப்போது ஓட்டல்காரர், என்னிடம் இருப்பதுதான் அசல் என்று மனுப் போட்டுவிட்டார். அதிகாரி அதைப் பார்த்துவிட்டு எழுதிய கடிதத்தில் ஒரு பத்தியை விசில் உரக்கப் படித்தான்:

"'பின் இருக்கையின் வலப்பக்கம் ஆழமாகக் குழிந்துள்ளது. பின் ஜன்னல் கைப்பிடி முழுவதும் இறக்கி ஏற்றியதால் தேய்ந்துள்ளது. நெடுங்காலம் ஒருவர் அங்கே அமர்ந்து மக்களுக்குக் கையசைத்தது தெளிவு. தங்கள் வண்டி டம்மி எனத் தெரிந்தால், அது பழைய இரும்பாக அகற்றப்படும்.' அடேங்கப்பா. லெட்டர்லயே காயலான் கடை வாசனை வருது."

"இருபத்திரண்டு வருஷங்க" என்றார் காப்பாளர். "தினமும் நான்தான் துடைக்கிறேன். துணியோட வேற யாரையும் கிட்ட விட்டதில்லை. 'பேசாம அதையே கட்டிக்கிட்டிருக்கலாம்'னு வீட்ல சொல்றாங்க. இதப் போய் நசுக்குவாங்களாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசையில் கிடந்த ஒரு பொட்டலத்தைக் காட்டினார். "ஜன்னலுக்குப் புதுப் பல்சக்கரம் வரவழைச்சிட்டேன். நீங்க மாட்டிக் குடுத்துட்டாப் போதும். அதிகாரி பார்க்கிற நேரத்துலயும் இறங்கித் தொலைச்சா மானம் போயிடும்."

திருப்புளி பொட்டலத்தைத் தொடவில்லை. "ஏன் இறங்குதுன்னு தெரியாம மாத்தினா அது ரிப்பேர் இல்ல சார். வாய்ப் பூட்டு."

மணி பத்து இருபத்தெட்டு. மூவரும் காரைச் சுற்றி நின்றார்கள். பத்தரை ஆனதும் 'டொக்' என்று ஒரு சத்தம். ஓட்டுநருக்குப் பக்கத்து முன் இருக்கையின் ஜன்னல் கண்ணாடி, யாரோ எட்டிப் பார்க்க வசதி செய்வது போல, நாலு விரல் இறங்கி நின்றது.

விசில் அதற்குள் ஹால் கதவுக்கு வெளியே இருந்தான். "பயம் இல்லக்கா. காத்து வாங்க வந்தேன்."

திருப்புளி காரின் கூரையில் உள்ளங்கையை வைத்தாள். மெல்லிய நடுக்கம், பூனை உறுமுகிற மாதிரி.

"சார், பதினாலு மாசத்துக்கு முன்னாடி இங்க புதுசா என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரலையே. மாடில தண்ணித் தொட்டி வச்சாங்க, அவ்வளவுதான்."

"தண்ணி தானா ஏறிச்சா?"

காப்பாளர் பின்சுவரைத் திரும்பிப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் அறை. தினமும் பத்தரைக்குத் தண்ணீர் ஏற்றுவார்கள். திங்கட்கிழமை ஆள் கிடையாது. திருப்புளி மோட்டாரை நிறுத்தச் சொன்னாள், கண்ணாடியை ஏற்றச் சொன்னாள்.

காப்பாளர் கைப்பிடியைச் சுற்றினார். அது வெறுமனே சுற்றியது. "எனக்கு ஏறாதுங்க. சீட்டுக்காரரைக் கூப்பிடணும்."

சீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து நுழைவுச் சீட்டு கிழிப்பவர். எண்பதைத் தாண்டியவர், நிமிர்ந்த முதுகு. வந்தார், கைப்பிடியை உள்ளே அழுத்தினார், அரைச் சுற்று பின்னால் விட்டார், பிறகு சுற்றினார். கண்ணாடி சமர்த்தாக மேலே போனது.

"கைக்குப் பழகின வண்டி போலிருக்கே ஐயா" என்றாள் திருப்புளி.

"இவர்தாம்மா தலைவரோட ஓட்டுநர்" என்றார் காப்பாளர்.

விசில் துள்ளினான். "அப்புறம் என்ன சார்? கல்யாண மாப்பிள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஜாதகம் பார்க்கிறீங்களே! தாத்தா, தலைவர் உட்கார்ந்தது இந்தக் கார்லயா?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"இந்தக் கார்ல நடந்தது எதையும் வாயைத் திறந்து சொல்ல மாட்டேன்னு தலைவர் கையில அடிச்சு வாக்குக் குடுத்திருக்கேன்." அவ்வளவுதான். வாசலுக்குத் திரும்பிவிட்டார்.

"இருபது வருஷமா இதே பதில்தான். நான் கெஞ்சிப் பார்த்தேன், அழுது பார்த்தேன்" என்றார் காப்பாளர். "ஒரு தடவை கால்லயே விழுந்தேன். சீட்டு வாங்கிட்டு உள்ள போங்கன்னுட்டார்."

மோட்டாரை ஓட விட்டார்கள். டொக். நாலு விரல். நிறுத்தி, கிழவர் செய்தது போலவே திருப்புளி கண்ணாடியை ஏற்றிவிட, பத்து நிமிடம் பார்த்தார்கள். கண்ணாடி அசையவில்லை. ஆவி வேலையை ராஜினாமா செய்துவிட்டது.

ஆனால் திருப்புளிக்குத் திருப்தி இல்லை. நான்கு ஜன்னலும் ஒன்றாகத்தானே அதிர்கின்றன? இது மட்டும் ஏன் இறங்குகிறது? அதுவும் நாலு விரலோடு ஏன் நிற்கிறது? கொண்டையிலிருந்து ஆயுதத்தை உருவி, கதவின் உள்பலகையைக் கழற்றினாள்.

கார் ஜன்னல் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருமுறை தெரிந்துகொண்டால், பிறகு எந்தக் காரில் ஏறினாலும் அந்தக் கைப்பிடியைச் சும்மா விட மனம் வராது. கைப்பிடியின் மறுமுனையில் சுண்டுவிரல் கனத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம். அது, விரித்த விசிறி போன்ற ஒரு பெரிய பல்சக்கரத்தோடு கடித்துக்கொண்டு நிற்கும். சின்னது சுற்றினால் விசிறி சாயும். விசிறியோடு சேர்ந்த இரும்புக் கை கண்ணாடியைத் தூக்கும். கண்ணாடி மேலே இருக்கும்போது விசிறியின் ஒரு ஓரத்துப் பற்கள் வேலை செய்யும். கீழே வர வர அடுத்தடுத்த பற்களுக்கு முறை வரும். எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், அந்த ஜன்னலை எவ்வளவு தூரம் திறந்து மூடினார்கள் என்று சொல்லிவிடலாம்.

திருப்புளி டார்ச் அடித்தாள். ஓரத்துப் பற்கள் எட்டு, கரைந்த சோப்பு போல மழுங்கிக் கிடந்தன. ஒன்பதாவது பல்லிலிருந்து எல்லாம் புத்தம் புதிது.

"யாரோ இந்த ஜன்னலை ஆயிரக்கணக்கான தடவை திறந்திருக்காங்க. ஆனா ஒரு தடவைகூட நாலு விரலுக்கு மேல திறக்கலை. மழுங்கின எட்டுப் பல்லும் அதிர்வுல வழுக்கிடுது. ஒன்பதாவது பல் கப்புனு பிடிச்சுக்குது."

"பிரமாதம்!" என்றார் காப்பாளர். "அப்போ பின்னாடி, தலைவர் பக்கத்து ஜன்னலும் இப்படித் தேய்ஞ்சிருக்கும், இல்லையா?"

பின் கதவைக் கழற்றினார்கள். பற்கள் ரம்பம் போல இருந்தன. தொழிற்சாலையில் தடவிய கிரீஸே அப்படியே இருந்தது. விசில் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். ஸ்பிரிங் அவனைத் தூக்கிக் கூரையில் இடித்தது. இடம் மாறி உட்கார்ந்தான். மறுபடி இடி.

"அக்கா, இது இருக்கை இல்ல, வில்லு. இதுல யாருமே உட்கார்ந்தது கிடையாது."

 திருப்புளி காப்பாளரைப் பார்க்காமல் சொன்னாள். "சார், எனக்குப் பொய் சொல்ல வராது. இந்தக் காரோட பின்பக்கம் பதினோரு வருஷமும் காலியாத்தான் ஓடியிருக்கு."

காப்பாளர் முக்காலியில் உட்கார்ந்தார். "அப்போ நான் இத்தனை வருஷம் டம்மியைத் துடைச்சிருக்கேன்" என்றார். பிறகு, என்ன தோன்றியதோ, எழுந்து போய்த் துணியை எடுத்து, ஸ்பிரிங் இடித்ததில் விசிலின் தலையெண்ணெய் பட்ட கூரையைத் துடைக்க ஆரம்பித்தார். அதைப் பார்க்க விசிலுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பேச்சை மாற்ற அவன் முன் இருக்கைக்கு வந்தான். அது மெத்தென்று குழிந்தது. பதினோரு வருடம் ஒரு கனமான ஆளைச் சுமந்து பள்ளமாகிப்போன இருக்கை.

"இங்கதான் யாரோ ராஜா மாதிரி உட்கார்ந்து வந்திருக்கான். தலைவருக்குக் காவல்காரரா இருக்கும்" என்றான்.

"அசையாதே" என்றாள் திருப்புளி. "தலைவர் என்ன உயரம் சார்?"

"ஆறடி ரெண்டு அங்குலம்" என்றார் காப்பாளர், துடைப்பதை நிறுத்தாமல்.

அதாவது சரியாக ஒரு விசில். திருப்புளி கண்ணாடியை நாலு விரல் இறக்கினாள்; அந்த இடைவெளிக்கு நேராக, அளவெடுத்துத் தைத்தது போல, விசிலின் மூக்கு இருந்தது.

"நாலு விரல்ல கையை வெளிய விட்டு ஆட்ட முடியாது. எட்டிப் பார்க்கவும் முடியாது" என்றாள் அவள். "இதுல போகக்கூடியது ஒண்ணுதான்."

"மூக்கு" என்றான் விசில். "எனக்குத் தெரியாதாக்கா? இருபத்தாறு வருஷம் பார்த்திருக்கேன். இப்படி ஜன்னல்ல மூக்கை வச்சுக்கிட்டு ஒரு ஆள் பேசாம வந்தான்னா, நான் டிக்கெட்கூடக் கேட்க மாட்டேன். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் டிரைவர் பக்கத்துல உட்கார வச்சிடுவேன். இல்லேன்னா அடுத்த வளைவுல என் சட்டை மேல..."

நிறுத்தினான். திருப்புளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"விசில், உனக்கு வாந்தி எடுக்கிற மாதிரி நடிக்கத் தெரியுமா?"

"எத்தனை வகை வேணும்?"

நாலு மணிக்கு அதிகாரி வந்தார். ஒல்லியானவர், கையில் ஜிப் வைத்த ஃபைல். ஓட்டல் இருக்கும் ஊரிலிருந்து மூன்று மணி நேரம் காரில் வந்தவர். முகம் பாகற்காய் நிறத்தில் இருந்தது. பின் இருக்கையை ஒருமுறை அமுக்கினார். பின் ஜன்னல் பற்களை ஒருமுறை பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"பத்து நிமிஷம் குடுங்க சார்" என்றாள் திருப்புளி. "டம்மின்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு சவாரி."

"வண்டி ஓடுமா?"

"ஓடாது. அதனால ஆபத்தும் இல்ல."

சீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "ஐயா, நீங்க ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஸ்டியரிங்கைப் பிடிச்சு உட்காருங்க, போதும்." அவர் யோசித்தார். உட்காருவதை வாக்கு தடுக்கவில்லை. ஏறினார். கை சக்கரத்தில் பட்டதும் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது. பக்கத்தில் விசில், கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்த தலைவரின் கறுப்புக் கோட்டோடு. அந்தக் கோட்டுக்காகக் காப்பாளர் மூன்று முறை மயங்கி, மூன்று முறை சம்மதித்திருந்தார்.

"மலை மேல அணைக்கட்டுத் திறப்பு விழா" என்றாள் திருப்புளி, ரேடியோ வர்ணனை போல. "காலை வெயில். பதினேழு கொண்டை ஊசி வளைவு. இதோ முதலாவது."

கிழவரின் கை சக்கரத்தை ஒடித்தது. விசில் சாய்ந்தான்.

"ரெண்டாவது. மூணாவது. முன்னாடி ஒரு லாரி, கறுப்புப் புகை. நாலாவது."

கிழவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு லாரியை முந்தினார். விசில் எச்சில் விழுங்கினான். பிறகு கைப்பிடியைச் சுற்றி நாலு விரல் திறந்து மூக்கை வைத்தான்.

"ஏழாவது. எட்டாவது. சாலையில குழி."

"உவ்..." என்றான் விசில். கன்னம் உப்பியது. "உவ்வ்..."

கிழவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது கை சக்கரத்தை விடவில்லை. இடது கை ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே மின்னல் மாதிரி போய், தோலோடு தோலாகத் தைத்திருந்த ஒரு மறைவான உறைக்குள் நுழைந்து, ஒரு காகிதப் பையை உருவி, ஒரே உதறலில் விரித்து, விசிலின் வாய்க்குக் கீழே பிடித்தது. எல்லாம் ஒரு நொடி. முப்பது வருடத்துக்குப் பிறகும் ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தியிருக்காது.

பழுப்பு நிறப் பை. மேலே அரசாங்க முத்திரை. அதற்குக் கீழே அச்சடித்த எழுத்து: 'அவசரக் கோப்பு. திறக்க வேண்டாம். உடனே அகற்றவும்.'

கிழவர் தன் கையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

"ஒரு வார்த்தைகூடச் சொல்லலை ஐயா. உங்க வாக்கு பத்திரமா இருக்கு."

காப்பாளர் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷம் அது மேலேயே துடைச்சிருக்கேன்" என்று முனகினார்.

அதிகாரி பேனாவை மூடவில்லை. "தலைவருக்குக் கார் ஒத்துக்காதா? நாட்டையே ஓட்டின மனுஷன்!"

"அதனாலதான் சார் ரகசியம்" என்றாள் திருப்புளி. "பின் இருக்கையில உட்கார்ந்தா, கண்ணுக்கு முன் இருக்கையோட முதுகு மட்டும்தான் தெரியும். 'நாம நகரலை'ன்னு கண் சொல்லும். 'ஆடுறோம்'னு காது சொல்லும். ரெண்டும் சண்டை போட்டா வயிறுதான் மாட்டிக்கும். முன்னாடி உட்கார்ந்தா வர்ற வளைவு கண்ணுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிடும், சண்டை இல்ல. கண்டக்டர்களுக்கு இது மனப்பாடம். அதனால தலைவர் ஒரு காவல்காரர் தொப்பியை மாட்டிக்கிட்டு முன்னாடி உட்கார்ந்திருப்பார். பின்பக்கம் காலி, அதை மறைக்கத்தான் திரை. டம்மி வண்டியில மட்டும் பின்னாடி யாராவது உட்கார்ந்தே ஆகணும். இல்லேன்னா யாரை ஏமாத்த?"

"அப்போ ஓட்டல் கார்ல பதினோரு வருஷம் உட்கார்ந்து கையாட்டினது யாரு?" என்றார் அதிகாரி.

 ஓட்டுநர் தொண்டையைச் செருமினார். "தலைவரோட தையல்காரர்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"தாத்தா! வாக்கு?" என்று விசில் பதறினான்.

"வாக்கு இந்தக் காருக்குத்தானே? அந்தக் காரைப் பத்தி என்னை யாருமே கேட்டதில்லையே" என்றார் கிழவர். "கோட்டு அவருக்கும் சரியாயிருந்துச்சு. அவரே தைச்சதாச்சே. முன்னாடி அவர் வண்டி போகும். ஜனங்க பூப் போடுவாங்க, அவர் கையாட்டுவார். இறங்குற இடத்துல ரெண்டு வண்டியும் கட்டடத்துக்குப் பின்னாடி போயிடும். வாசல் வழியா வெளிய வர்றவர் தலைவர். கடைசி காலத்துல தையல்காரருக்கு ஒரு கை மட்டும் தானா ஆடும்."

காப்பாளர் கோட்டை விசிலிடமிருந்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அதிகாரி அந்தக் காகிதப் பையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "நானும் இன்னைக்குப் பின் சீட்லதான் வந்தேன்" என்றார். "இதுல இன்னொண்ணு இருக்குமா?"

"காட்சிப் பொருளுங்க!" என்றார் காப்பாளர், அதிர்ந்து.

"சரி, சரி. திரும்பிப் போறப்போ முன்னாடி உட்கார்ந்துக்கிறேன்." ஃபைலைக் காரின் முன்பக்கத்தில் விரித்தார். "சான்றிதழ்ல என்ன எழுதறது? சுருக்கமா சொல்லுங்க."

காப்பாளர் குறுக்கிட்டார். "அப்படியே அந்தப் புதுப் பல்சக்கரத்தையும்..."

"மாட்டினா, அசல்ங்கிறதுக்கு இருக்கிற சாட்சியை நீங்களே கழற்றிப் போட்ட மாதிரி ஆயிடும் சார். கடையில திருப்பிக் குடுத்துடுங்க. தினமும் பத்தரைக்கு இறங்கட்டும். பார்க்க வர்றவங்களை அந்த நேரத்துக்கு வரச் சொல்லுங்க."

பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள், அதிகாரி எழுதிக்கொண்டார்: "மோட்டார் ஓடும்போது கார் அதிர்கிறது. முன் ஜன்னல் சக்கரத்தின் ஓரத்தில் எட்டுப் பற்கள் தேய்ந்திருப்பதால் கண்ணாடி நாலு விரல் இறங்கி, ஒன்பதாவது பல்லில் நிற்கிறது. அந்த எட்டுப் பற்களையும் தேய்த்தது, காற்றுக்காகப் பதினோரு வருடம் நாலு விரல் மட்டும் திறந்து மூடிய தலைவரின் கை. ஆகவே தலைவர் பயணம் செய்த கார் இதுதான். அவர் உட்கார்ந்த இடம், முன் இருக்கை."